35 மார்க்கில் பாஸான கார்!

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் மனசுக்குள் என்ன ஓடுகிறது? சிவப்பு கலர், கூரை இல்லாத உடம்பு, கூலிங் கிளாஸ், பக்கத்து சீட்டில் காற்றில் பறக்கும் ஒரு துப்பட்டா. மலைப்பாதையின் வளைவில் ஹீரோ ஒற்றை விரலால் ஸ்டீயரிங்கைத் திருப்புவார். கார் தண்டவாளத்தில் போவதுபோல் போகும்.

அந்த ஒற்றை விரல் சமாசாரம் நடக்க வேண்டுமானால் காருக்கு அடியில் எட்டு போல்ட்டுகளும் இரண்டு ராடுகளும் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். இதை எந்த டைரக்டரும் காட்டியதில்லை. காட்டினால் பாதித் தியேட்டர் முறுக்கு வாங்க எழுந்து போய்விடும். பத்திரிகையில் அந்தத் தொல்லை இல்லை. முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே படிக்கலாம்.

பேச்சு வீல் அலைன்மென்ட்டைப் பற்றி. அதிலும், முப்பது வயது தாண்டிய ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அதை ஒழுங்காகச் செய்துகொள்வது பற்றி. ‘டயர் கடையில் கொண்டுபோய் விட்டால் அரை மணியில் முடித்துக் கொடுப்பானே, இதில் என்ன இருக்கிறது?’ என்பவர்கள்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் எனக்குத் தெரிந்த ஒருவரை நெடுஞ்சாலையில் வந்த வழியைப் பார்த்துத் திருப்பி உட்கார வைத்திருக்கிறது. அந்தக் கதை பின்னால். முதலில் கதாநாயகி.

பெயர் மாஸ்டா எம்.எக்ஸ்-5. அமெரிக்காவில் செல்லப் பெயர் மியாட்டா. பிறந்த ஊரான ஜப்பானில் முதலில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் திரையை விலக்கியபோது பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். இரண்டே சீட். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. முகப்பு விளக்குகள் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். 1962-ல் இங்கிலாந்தில் வந்த லோட்டஸ் எலான் காரின் சாயல். ஆனால், அந்தக் கால ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களைப் போல நின்ற இடத்தில் எண்ணெய் ஒழுகாது. மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்று மூஞ்சியைத் திருப்பாது. உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இதுதான். 2016 ஏப்ரலில் ஹிரோஷிமா தொழிற்சாலையில் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. நாம் பேசப்போவது 1989 முதல் 1997 வரை செய்த முதல் தலைமுறையை.

இந்தக் கார் ஓட்டச் சுகமாக இருப்பதற்கு எஞ்சின் காரணமில்லை. ஆரம்ப வண்டிகளில் இருந்தது வெறும் 1.6 லிட்டர்தான். காரணம், நாலு சக்கரங்களையும் பிடித்துக்கொண்டிருக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்திருக்கும். கீழ்க்கை ஒவ்வொன்றும் உடம்போடு சேரும் இடத்தில் இரண்டு போல்ட்டுகள். சாதாரண போல்ட் இல்லை, தலையில் மையம் தள்ளிய ஒரு வட்டத் தகடு வைத்த கேம் போல்ட். திருகினால் அந்தக் கை கொஞ்சம் உள்ளே போகும் அல்லது வெளியே வரும். நாலு சக்கரத்துக்கு எட்டு போல்ட், ஸ்டீயரிங்கிலிருந்து முன்சக்கரங்களுக்குப் போகும் டை ராட் இரண்டு. ஆக மொத்தம் பத்து இடத்தில் திருகலாம்.

பத்து இடத்தில் சரியாக வைக்கலாம் என்றால் பத்து இடத்தில் தப்பாகவும் வைக்கலாம் என்று அர்த்தம். எம்.ஜி.பி. என்ற பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இந்தப் பேஜார் கிடையாது. டோவை மட்டும் திருகலாம், மற்றதெல்லாம் கம்பெனி வைத்தது வைத்தபடி. நம்ம மாருதி 800-ம் ஏறக்குறைய அப்படித்தான். நம் ஊரில் ‘அலைன்மென்ட் பண்ணியாச்சு சார்’ என்றால் பெரும்பாலும் ‘டோவைச் சரி பண்ணியாச்சு’ என்றுதான் பொருள். அந்த வண்டிக்கு அது போதும்.

டோ என்றால்? எழுந்து நின்று உங்கள் பாதங்களைப் பாருங்கள். (ஆபீஸில் படிப்பவர்கள் மானேஜர் அந்தப் பக்கம் போன பிறகு எழுந்திருக்கவும்.) இரண்டு கட்டைவிரல்களும் ஒன்றையொன்று பார்த்து உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன். சார்லி சாப்ளின் மாதிரி வெளியே விரிந்திருந்தால் டோ-அவுட். சக்கரத்துக்கும் அவ்வளவுதான். கேட்க அற்ப விஷயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மியாட்டாவின் டயர் சுமார் 58 சென்டிமீட்டர் உயரம். அதன் முன் விளிம்பும் பின் விளிம்பும் 3 மில்லிமீட்டர் கோணலாக இருந்தால் 0.3 டிகிரி. ஒரு கிலோமீட்டர் ஓடினால் அந்தச் சக்கரம் 5 மீட்டர் பக்கவாட்டில் போக ஆசைப்படுகிறது. வண்டி விடாது. ரப்பர்தான் தேயும். நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்குச் சுமார் 360 கிலோமீட்டர். போய்ச் சேருவதற்குள் அந்த டயரைக் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் பக்கவாட்டில் தரதரவென்று இழுத்த கணக்கு. 3 மில்லிமீட்டருக்கு இந்தக் கூலி!

கேம்பர் என்பது சாய்வு. காரை முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருப்பது நெகடிவ், வெளியே சாய்ந்திருப்பது பாஸிடிவ். வளைவில் வண்டி ஒருபக்கம் சாயும்போது டயர் முழுசாகத் தரையில் படிய வேண்டுமே, அதற்காகக் கொஞ்சம் நெகடிவ் வைப்பார்கள். ரொம்ப வைத்தால் டயரின் உள் ஓரம் மட்டும் மொட்டையாகிவிடும்.

மூன்றாவது காஸ்டர். காலேஜ் நாளில் சைக்கிளில் இரண்டு கையையும் விட்டுவிட்டு சட்டைப் பையில் சீப்பு தேடிய ஞாபகம் இருக்கிறதா? சைக்கிள் ஏன் விழவில்லை? ஒரு முக்கியக் காரணம், முன் ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருப்பது. திருப்பிய சக்கரம் தானாக நேராக வரப்பார்க்கும். காரிலும் இந்தச் சாய்வு உண்டு. காஸ்டர் கூடினால் நேர்ச்சாலையில் வண்டி அம்பு மாதிரி போகும், ஆனால் ஸ்டீயரிங் கனக்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத மியாட்டாக்கள் நிறைய உண்டு. அதில் காஸ்டரை ஏற்றிவிட்டு பார்க்கிங் செய்தால் ஜிம்முக்குப் போகிற பணம் மிச்சம்.

இனி அந்தக் கதை.

நண்பர் திருச்சிக்காரர். நியூஜெர்ஸியில் கம்ப்யூட்டர் உத்தியோகம். 1992 மாடல் மியாட்டா ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கினார். மனைவிக்கு முதலில் தெரியாது. தெரிந்த பிறகு இரண்டு வாரம் வீட்டில் உப்புமா. வண்டி நேராகத்தான் போனது. ஆனால், நேராகப் போகும்போது ஸ்டீயரிங் இடது பக்கம் கோணிக்கொண்டு நின்றது. கடையில் விட்டார். அரை மணியில் வேலை முடிந்தது. ஸ்டீயரிங் நடுவில் நின்றது. கம்ப்யூட்டர் காகிதம் ஒன்று கொடுத்தார்கள், முன்சக்கரக் கட்டங்கள் எல்லாம் பச்சை. சந்தோஷமாக வந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து மழை. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைந்த சாலையில், வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்போது, வண்டியின் பின்பக்கம் அவரை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. அப்படியே ஒரு சுற்று. நின்றபோது வந்த வழியைப் பார்த்து நின்றிருந்தார். பின்னால் வேறு வண்டி இல்லாததால் போனில் இந்தக் கதையைச் சொல்ல முடிந்தது.

“அலைன்மென்ட் பண்ணித்தானய்யா வச்சிருந்தேன். பேப்பர்ல எல்லாம் பச்சையா இருந்துச்சு!”

“பின் சக்கரம்?”

“பின் சக்கரத்துக்கு என்ன? அதைத்தான் ஸ்டீயரிங் திருப்பாதே!”

தப்பு முழுக்க அங்கேதான் ஒளிந்திருந்தது. மியாட்டாவில் பின்சக்கரத்துக்கும் டோ உண்டு, கேம்பர் உண்டு. அவருடைய வண்டியில் இடது பின்சக்கரம் வெளியே திரும்பியிருந்தது, வலது பின்சக்கரம் உள்ளே திரும்பியிருந்தது. அதாவது இரண்டுமே இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. தள்ளுகிற சக்கரங்கள் ஒரு திசை பார்த்தால் டிரைவர் முன்சக்கரங்களையும் அதற்கு ஏற்பத் திருப்பிப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகும். அதனால்தான் ஸ்டீயரிங் இடது பக்கம் கோணி நின்றது. வண்டி நண்டு மாதிரி உடம்பைக் கொஞ்சம் குறுக்கே வைத்துக்கொண்டு ஓடியது. கடைக்காரர் என்ன செய்தார்? முன்பக்க டை ராடுகளைத் திருகி ஸ்டீயரிங்கை மட்டும் நடுவில் கொண்டுவந்தார். ஜுரத்துக்கு வைத்தியம் பார்க்காமல் தெர்மாமீட்டரை உதறி வைத்த மாதிரி.

வலப்பக்கம் வளையும் சாலையில் பாரமெல்லாம் இடது சக்கரங்களுக்குப் போகும். பின்னால் இருக்கும் அந்த இடது சக்கரமோ வெளியே போகத் துடித்துக்கொண்டிருந்தது. காய்ந்த சாலையில் ரப்பர் பிடித்துக்கொண்டது. ஈரத்தில் விட்டுவிட்டது. பின்சக்கரத்தில் டோ-அவுட் என்பது பின்னால் தள்ளும் இந்த மாதிரி வண்டிகளுக்குப் பரம எதிரி. கொஞ்சம் டோ-இன் இருந்தால் வளைவில் வெளிச் சக்கரம் வளைவுக்குள் பார்க்கும், பின்பக்கம் அடங்கி ஒடுங்கி வரும்.

இதில் இன்னொரு வேடிக்கை. இடது சக்கரம் வெளியே போன அளவும் வலது சக்கரம் உள்ளே வந்த அளவும் கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய பூஜ்யம். ‘மொத்த டோ’ என்ற ஒரே ஒரு எண்ணைப் பார்த்தால் பரம யோக்கியமான வண்டி!

அந்தப் பச்சை நிறத்தையும் கொஞ்சம் விசாரித்துவிடலாம். அலைன்மென்ட் மெஷினுக்குள் ஒவ்வொரு காருக்கும் கம்பெனி கொடுத்த அளவு இருக்கிறது. கூடவே, இதிலிருந்து இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஒரு சலுகையும் இருக்கிறது. அந்தச் சலுகைக்குள் எங்கே இருந்தாலும் கட்டம் பச்சை. எஸ்.எஸ்.எல்.சி-யில் 35-ம் பாஸ், 99-ம் பாஸ் என்கிற மாதிரி. இடது சக்கரம் பச்சையின் இந்த ஓரத்தில், வலது சக்கரம் அந்த ஓரத்தில். மெஷின் பாஸ் போட்டுவிடும். வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். சலுகை எதற்காக வைத்தார்கள்? தொழிற்சாலையிலிருந்து லட்சக்கணக்கில் வெளியே வரும் வண்டிகளுக்காக. ஒரே ஒரு வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு, பத்து இடத்திலும் திருகும் வசதியும் இருக்கும்போது 35 மார்க்கோடு ஏன் திருப்திப்பட வேண்டும்?

சுழன்று நின்ற பிறகு நண்பருக்கு ஞானோதயம். விசாரித்ததில் ஒரு நல்ல தகவல் கிடைத்தது. மியாட்டாவை வைத்தே அமெரிக்காவில் ‘ஸ்பெக் மியாட்டா’ என்று ஒரு பந்தயப் பிரிவு நடக்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே மாதிரி சஸ்பென்ஷன். ஜெயிப்பதும் தோற்பதும் ஓட்டுகிறவன் கையிலும் அலைன்மென்ட்டிலும்தான். எனவே, ஊருக்கு ஊர் இந்தப் பந்தயக்காரர்களின் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் யாராவது இருப்பார். அப்படி ஒருவரிடம் போனார். வயசான ஆசாமி. வண்டியை மெஷினில் ஏற்றவே இல்லை. முதலில் அடியில் படுத்துவிட்டார்.

எழுந்துவந்து சொன்ன முதல் வார்த்தை, ‘இன்றைக்கு அலைன்மென்ட் கிடையாது.’

நியூஜெர்ஸியில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். ஐஸ் உருகும், கார் துருப்பிடிக்கும். முப்பது வருஷ உப்பில் அந்தக் கேம் போல்ட்டுகள், ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு ஒன்றாகவே ஆகிவிடும். திருகினால் போல்ட் திரும்பாது, ரப்பர் கிழியும். அரை மணி நேரக் கடைகள் பின்பக்கம் கை வைக்காததற்கு இதுதான் அசல் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு போல்ட் மாட்டிக்கொண்டால் அன்றைய வருமானம் அம்பேல். அவர்களையும் சும்மா திட்ட முடியாது. ஆனால் ‘இது எங்களால் ஆகாது’ என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். காகிதத்தில் பச்சை அடித்துக் கொடுத்திருக்க வேண்டாம்.

பழைய வண்டியில் அலைன்மென்ட் என்பது முக்கால்வாசி மெஷினில் ஏறுவதற்கு முன்னால் முடிகிற வேலை. புஷ் ரப்பர் வெடித்திருந்தால் கை இங்கும் அங்கும் நகரும். நின்றிருக்கும்போது ஓர் அளவு, பிரேக் போடும்போது வேறு அளவு. ஆடுகிற பல்லுக்குத் தங்கக் கவசம் போட்ட கதைதான். பால் ஜாயிண்ட், டை ராட் முனை, வீல் பேரிங் எதிலாவது ஆட்டம் இருக்கிறதா என்று சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும், இடமும் வலமும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் ஒரு பக்கம் தொய்ந்திருந்தால் அதுவும் கணக்கு. வண்டியின் உயரம் மாறினால் கேம்பரும் டோவும் மாறும். ஸ்டைலுக்காக வண்டியைத் தாழ்த்துகிறவர்கள் முதலில் அதைத் தாழ்த்திவிட்டு அப்புறம் அலைன்மென்ட்டுக்கு வர வேண்டும். தலைகீழாகச் செய்தால் இரண்டு தடவை காசு.

நண்பரின் வண்டியில் எட்டில் மூன்று போல்ட் அசையவில்லை. சூடு காட்டி, துரு எண்ணெய் ஊற்றி, கெஞ்சி, இரண்டு வழிக்கு வந்தன. மூன்றாவதை ரம்பத்தால் அறுத்தார்கள். இடது பின்பக்கப் புஷ் கந்தல். புது போல்ட், புது புஷ் போட்டு, போல்ட்டின் உடம்பெல்லாம் மறுபடி பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பசை தடவி... மூன்று நாள் ஆயிற்று. செலவைச் சொல்ல மாட்டேன், அவர் மனைவி தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்.

நாலாம் நாள்தான் மெஷின். காற்று முதலில். இந்தக் காருக்குக் கம்பெனி சொன்னது 26 பவுண்டுதான். டயர் கடைப் பையன்கள் பழக்க தோஷத்தில் 35 அடித்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ள வேண்டும். பாதி டாங்க் பெட்ரோல். டிக்கியில் இருந்த கிரிக்கெட் கிட் வெளியே. அடுத்து அந்தப் பெரியவர் நண்பரைப் பார்த்து, ‘ஏறி உட்கார்’ என்றார். ஒரு டன்கூட இல்லாத வண்டியில் ஒரு பக்கம் மட்டும் 75 கிலோ ஆசாமி ஏறினால் அந்தப் பக்கம் அமுங்கும், அளவு மாறும். தினமும் அப்படித்தானே ஓடப்போகிறது? பந்தயக்காரர்கள் சீட்டில் மணல் மூட்டை வைப்பார்கள். நண்பர் ஒன்றரை மணி நேரம் மணல் மூட்டையாக உட்கார்ந்திருந்தார்.

வரிசை முக்கியம். பின்சக்கரம் முதலில். பின்பக்கம் எந்தத் திசையில் தள்ளுகிறது என்பது முடிவான பிறகுதான் முன்பக்கம். பின் கேம்பர், பின் டோ, இரண்டு பக்கமும் சமமாக. முன்னால் வந்தால் காஸ்டர், அடுத்து கேம்பர், கடைசியில்தான் டோ. ஏனென்றால் மற்ற இரண்டில் எதைத் தொட்டாலும் டோ கெட்டுப்போகும். முன் கைக்கு உள்ள இரண்டு கேம் போல்ட்டுகளை ஒரே பக்கம் நகர்த்தினால் கேம்பர் மாறும். எதிர் எதிராக நகர்த்தினால் காஸ்டர் மாறும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும். கூட்டுக் குடும்பம் மாதிரி எல்லோரையும் அனுசரித்து மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும். கடைசியாக நட்டை இறுக்குவது, வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழியும்.

எந்த அளவில் வைப்பது? சாலையில் ஓட்டும் மியாட்டாக்காரர்கள் பரவலாக வைத்துக்கொள்வது: முன்னால் கேம்பர் நெகடிவ் 1 டிகிரி, பின்னால் நெகடிவ் 1.5 டிகிரி, காஸ்டர் 5 டிகிரி ஒட்டி, டோ முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டர் அளவில் உள்ளே. பின்னால் கேம்பரை அரை டிகிரி கூட வைப்பதற்கு அர்த்தம் உண்டு. வளைவில் முன்பக்கம் முதலில் வழுக்கட்டும், பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கட்டும் என்பது. முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் நண்பர் மாதிரி வந்த வழியைப் பார்க்க வேண்டியதுதான்.

இந்த அளவுகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். ‘கம்பெனி அளவுக்கு வைத்துவிடுங்கள்’ என்றால் அவர் பச்சை வரும்வரைதான் வைப்பார். ‘இந்த எண், இரண்டு பக்கமும் சமமாக’ என்று சொன்னால் பாதிக் கடைகள் முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். எந்தக் கடையில் வண்டியை விடக்கூடாது என்பது அந்த முகத்திலேயே தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு வரிசை எண்களோடு காகிதம் தருவார்கள். வேலைக்கு முன்னால் இருந்தது, வேலைக்குப் பின்னால் இருப்பது. இதைப் படிக்கத் தெரிந்தால் ஏமாற்ற முடியாது. முன் டோ மட்டும் மாறி, மற்ற எண்கள் எல்லாம் இரண்டு வரிசையிலும் அச்சு அசலாக அப்படியே இருந்தால், அவர் டை ராடை மட்டும் தொட்டார் என்று அர்த்தம். நாலு சக்கரத்துக்கும் காசு வாங்கியிருந்தால் அங்கேயே நின்று கேட்கலாம். நிறத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. மழைத் தண்ணீர் வடிவதற்காகச் சாலையை ஓரமாகச் சரித்துத்தான் போடுவார்கள். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுவதால் கையை லேசாக விட்டால் வண்டி மெல்ல வலப்பக்கம் போகும். அது சாலையின் குணம். அதே சாலையில் வெடுக்கென்று ஒரு பக்கம் இழுத்தால் முன்சக்கரங்களை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். அதற்கு அலைன்மென்ட்டைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

மெஷின் இல்லாமல் வீட்டிலேயே பார்க்க முடியாதா என்று கேட்கும் கில்லாடிகளுக்கு: தாராளமாக முடியும். மெஷின் வருவதற்கு முன்னால் உலகமெல்லாம் நூல் கட்டித்தான் பார்த்தார்கள், பந்தய மைதானங்களில் இன்றும் பார்க்கிறார்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, வண்டியின் இரண்டு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் மீன்பிடி நைலான் நூலை விறைப்பாகக் கட்ட வேண்டும். இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாக, வண்டியின் நடுக்கோட்டுக்கும் இணையாக நிற்க வேண்டும். இதற்குத்தான் பொறுமை தேவை. ஒரு மணி நேரம் இதிலேயே போகும். அப்புறம் ஸ்டீல் ஸ்கேலால் நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்தால் வித்தியாசம்தான் அந்தச் சக்கரத்தின் டோ. நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். அந்த அரை மணிக் கடையில் இதைச் செய்திருந்தாலே இடது பின்சக்கரம் காட்டிக்கொடுத்திருக்கும்.

கேம்பருக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். ரிம்முக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, நூலிலிருந்து மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள இடைவெளியின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். 14 அங்குல ரிம்மில் ஒரு டிகிரி என்பது சுமார் 6 முதல் 7 மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியும்.

அதுவும் வேண்டாம், இருப்பது பழைய மாருதிதான் என்பவர்கள் டயரைக் குறுக்கே உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள், உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே. மீனைத் தடவுகிற மாதிரி ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் சொரசொர என்று செதில் தட்டினால் டோ கோளாறு. செலவில்லாத வைத்தியம். கைகழுவச் சோப்பு மட்டும் வேண்டும்.

இந்தக் கார்களுக்கு வயசாகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. மாஸ்டா கம்பெனியே 2017-ல் ஜப்பானில், முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தது. அந்தக் காலத்து 185/60 ஆர் 14 அளவு டயரைக்கூட பிரிட்ஜ்ஸ்டோனோடு சேர்ந்து மறுபடி செய்தார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய டயரைத் திரும்பச் செய்கிற கம்பெனி! அந்த டயரையும் கோணலாக மாட்டி ஒரே சீஸனில் தேய்ப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

நண்பரின் வண்டி இப்போது நேராகப் போகிறது, ஸ்டீயரிங்கும் நடுவில் நிற்கிறது. எட்டு கேம் போல்ட்டின் தலையிலும் பெரியவர் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, அதே கோட்டைப் பக்கத்துத் தகட்டிலும் நீட்டிவிட்டிருக்கிறார். கோடு இரண்டாக உடைந்து தெரிந்தால் போல்ட் நகர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். நண்பர் மாதம் ஒருமுறை டார்ச் லைட்டோடு அடியில் படுத்துப் பார்க்கிறார்.

“என்ன தெரியுது?” என்று போனில் கேட்டேன்.

“எட்டும் அப்படியே இருக்குய்யா... ஆனா ஒரு இடத்துல எண்ணெய் கசியற மாதிரி இருக்கு!”